லிவிங் டுகெதர்: குற்றமில்லை, ஆனால் சொந்தமும் இல்லை

2019 ஜூன் மாதம் கோவையில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்டுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். சோதனைக்குப் போனபோது ஓர் அறையில் திருமணமாகாத ஆணும் பெண்ணும் தங்கியிருந்தார்கள், இன்னோர் அறையில் மது பாட்டில்கள் கிடந்தன என்பதுதான் காரணம். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. திருமணமாகாத இருவர் ஒரே அறையில் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது என்று நீதிபதி கேட்டார். அப்படி ஒரு சட்டம் இல்லை. வயது வந்த இருவர் சேர்ந்து வாழ்வது குற்றமாகக் கருதப்படாதபோது, ஒரு நாள் ஓர் அறையில் தங்கியது மட்டும் எப்படிக் குற்றமாகும் என்று சொல்லி, டிசம்பரில் சீலை அகற்ற உத்தரவிட்டார்.

லிவிங் டுகெதர் பற்றிப் பேச்சு வந்தாலே முதலில் கேட்கப்படும் கேள்வி, "போலீஸ் பிடிக்குமா?" என்பது. அதற்கான பதில் இந்த ஒரு வழக்கிலேயே இருக்கிறது. ஆனால் சேர்ந்து வாழப் போகிறவர்கள் உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் அது இல்லை. சட்டம் உங்களைத் தடுக்காது, சரி. அதே சட்டம் உங்கள் இருவரையும் ஒருவருக்கொருவர் சொந்தம் என்றும் பார்க்காது. வங்கி, மருத்துவமனை, பத்திரப் பதிவு அலுவலகம், தாசில்தார் அலுவலகம் என்று எங்கே போனாலும் நீங்கள் இரண்டு தனித்தனி ஆட்கள். கணவன் மனைவிக்குத் தானாகக் கிடைக்கிற ஒவ்வொன்றையும் நீங்கள் ஒரு காகிதமாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சிலவற்றை எழுதியும் பெற முடியாது. எது எது என்று தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

தமிழ்நாட்டில் வாழும் ஓர் ஆண், ஒரு பெண், இருவருக்கும் வேறு திருமணம் இல்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மற்ற நிலைமைகளை ஆங்காங்கே தொட்டுப் போகிறேன்.

வயதும் பெற்றோரும்

இருவருக்கும் 18 வயது முடிந்திருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. ஒருவருக்கு 17 வயது 11 மாதம் என்றாலும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பாயும். அவருடைய சம்மதம் கணக்கிலேயே வராது. ஆணின் திருமண வயது 21 என்பதால் ஒரு சந்தேகம் வரும்: 19 வயதுப் பையன் திருமணம் செய்ய முடியாது, சேர்ந்து வாழலாமா? வாழலாம். 2018இல் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. திருமணத்துக்குத் தகுதியான வயது வராவிட்டாலும், மேஜரான இருவருக்குத் திருமணத்துக்கு வெளியே சேர்ந்து வாழும் உரிமை உண்டு.

நம் ஊரில் பிரச்சினை பெரும்பாலும் "பெண்ணைக் காணவில்லை" என்ற புகாரில்தான் தொடங்கும். காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால் ஓடி ஒளிவது ஆபத்து. அந்தப் பெண் நேரில் போய், முடிந்தால் ஒரு வழக்கறிஞரோடு போய், "நான் மேஜர், என் விருப்பத்தில்தான் வந்தேன்" என்று எழுத்து மூலம் சொன்னால் விஷயம் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். வயதுச் சான்று கையில் இருக்கட்டும். பெற்றோர் ஆட்கொணர்வு மனு போட்டாலும் நீதிமன்றம் பார்ப்பது, மேஜரான பெண் யாராலாவது அடைத்து வைக்கப்பட்டிருக்கிறாரா என்பதைத்தான். அவர் போக விரும்பும் இடத்துக்குப் போகலாம். சாதி காரணமாக உயிருக்கு மிரட்டல் இருந்தால் அது வேறு விஷயம். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி, மாவட்டந்தோறும் இதற்கெனத் தனிப் பிரிவு இருக்க வேண்டும்; பாதுகாப்பான தங்குமிடம் அமைப்பதை அரசு பரிசீலிக்கலாம். மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னது எதற்கும் உதவாது.

'கலாச்சாரத்துக்கு எதிரானது' என்று வழக்குப் போட முடியுமா என்றும் சிலர் கேட்பார்கள். போட்டுப் பார்த்துவிட்டார்கள். 2005இல் நடிகை குஷ்பு ஒரு பத்திரிகைப் பேட்டியில் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றிச் சொன்ன கருத்துக்காகத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் 20க்கும் மேற்பட்ட வழக்குகள் பதிவாயின. 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது. சமூகத்தில் பலருக்குப் பிடிக்காதது வேறு, சட்டப்படி குற்றம் வேறு என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

வீடு

சட்டத்தைவிட ஹவுஸ் ஓனர்தான் கடினமான தடை. யாருக்கு வீடு தருவது என்பது அவருடைய விருப்பம். மறுத்தால் நீங்கள் வழக்குப் போட முடியாது. அதனால் பலர் "கல்யாணம் ஆகிவிட்டது" என்று பொய் சொல்லி வீடு பிடிக்கிறார்கள். நான் அதைச் சொல்ல மாட்டேன். ஒழுக்கப் பாடம் நடத்துவதற்காக இல்லை. பொய் வெளிப்பட்டால், தகவலை மறைத்து ஒப்பந்தம் போட்டீர்கள் என்று காலி செய்யச் சொல்ல அவருக்கு ஒரு பிடி கிடைத்துவிடும். தேட இரண்டு மாதம் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை, விஷயத்தைச் சொல்லியே பிடிப்பது நிம்மதி.

வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்க வேண்டும். இது பலர் விட்டுவிடும் இடம். ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், சண்டை வந்த மறுநாள் மற்றவர் விருந்தாளி ஆகிவிடுவார். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அலுவலகத்தில் பதிவும் ஆக வேண்டும். வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை குடியிருப்புக்கு அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. அட்வான்ஸை யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது வங்கிப் பரிமாற்றத்தில் தெரியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பிரியும்போது முதல் தகராறு பெரும்பாலும் அதில்தான் வரும்.

பெண்ணுக்குப் பாதுகாப்பு எங்கே இருக்கிறது

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 'அஞ்சு வருஷம் சேர்ந்து வாழ்ந்தால் மனைவிதான்' என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அப்படி ஆண்டுக் கணக்கு எதுவும் சட்டத்தில் இல்லை.

இருப்பது குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம். மனைவியை மட்டும் அல்லாமல், "திருமணத்தைப் போன்ற உறவில்" ஒரே வீட்டில் வாழ்ந்த பெண்ணையும் அது காக்கிறது. அடி, மிரட்டல், பணத்தைப் பிடுங்கிக்கொள்வது, வீட்டை விட்டுத் துரத்துவது எல்லாம் அதில் அடங்கும். மாஜிஸ்திரேட் பாதுகாப்பு ஆணை தரலாம், அந்த வீட்டிலேயே தங்க விடலாம், செலவுக்குப் பணம் தரச் சொல்லலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் வழியாகவோ நேரடியாகவோ மனுச் செய்யலாம். அவசரத்துக்கு 181 என்ற உதவி எண் இருக்கிறது. 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் இழுக்கத்தான் செய்யும்.

எது திருமணத்தைப் போன்ற உறவு? 2010 அக்டோபரில், கோவையிலிருந்து போன ஒரு ஜீவனாம்ச வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு அளவுகோல் வைத்தது. இருவரும் ஊருக்குத் தங்களைத் தம்பதி போலக் காட்டிக்கொண்டு வாழ்ந்திருக்க வேண்டும். திருமண வயது வந்திருக்க வேண்டும். வேறு திருமணம் இல்லாதிருப்பது உட்பட, மணந்துகொள்ளத் தகுதியுள்ளவர்களாக இருக்க வேண்டும். விரும்பிச் சேர்ந்து கணிசமான காலம் வாழ்ந்திருக்க வேண்டும். வார இறுதியில் மட்டும் வந்து போவது இதில் சேராது. 2013இல் பெங்களூரு வழக்கு ஒன்றில் நீதிமன்றம் இன்னும் விரித்துச் சொன்னது: எவ்வளவு காலம், பணத்தைச் சேர்த்துப் போட்டுச் செலவு செய்தார்களா, வீட்டு வேலையைப் பகிர்ந்தார்களா, குழந்தை உண்டா, நண்பர்கள் உறவினர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்த பெங்களூரு வழக்கில் அந்தப் பெண் தோற்றார் என்பதுதான் முக்கியம். பல ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர். ஆனால் அந்த ஆண் ஏற்கனவே மணமானவர் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தே போனதால் அது திருமணத்தைப் போன்ற உறவு ஆகாது என்றது நீதிமன்றம். தெரியாமல் ஏமாற்றப்பட்ட பெண்ணின் நிலை வேறு என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. "டைவர்ஸ் சீக்கிரம் வந்துடும்" என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவரோடு குடியேறுகிற பெண், தனக்கு இந்தச் சட்டப் பாதுகாப்பு பெரும்பாலும் இருக்காது என்பதைத் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும்.

ஊருக்குத் தெரிய வாழ்ந்தால்தான் பாதுகாப்பு என்றால், நம் ஊரில் ஊருக்குத் தெரியாமல் வாழ வேண்டிய நிலையில் இருப்பவர்கள்தானே அதிகம்? இந்த முரணுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், ஒரே முகவரி காட்டும் வங்கிக் கணக்கு, கேஸ் இணைப்பு, விசேஷங்களுக்குச் சேர்ந்து போன புகைப்படங்கள் ஆகியவை ஒரு நாள் சாட்சி சொல்லும். தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

மனைவி கேட்கும் சாதாரண ஜீவனாம்சம் கேட்க முடியுமா என்பதில் தீர்ப்புகள் ஒரே மாதிரி இல்லை. குடும்ப வன்முறைச் சட்டத்தின் வழியே பணம் கேட்பதுதான் உறுதியான பாதை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் காட்டியிருக்கிறது. குடும்ப நீதிமன்றத்தில் "என்னோடு சேர்ந்து வாழ உத்தரவிடுங்கள்" என்று கேட்கவும் வழியில்லை. நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்தது மட்டுமே திருமண உரிமை தராது என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன் மறுபக்கம், பிரிவதற்கு விவாகரத்தும் தேவையில்லை. பெட்டியைக் கட்டினால் போதும்.

ஆணுக்கு? குடும்ப வன்முறைச் சட்டத்தில் அவர் மனுதாரர் ஆக முடியாது. அவர் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் திருமணம் செய்வதாகச் சொல்லி உறவு வைத்தால் 10 ஆண்டு வரை சிறை. நிஜமாகவே நினைத்து, பிறகு நடக்காமல் போனது வேறு; ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது வேறு என்று நீதிமன்றங்கள் பிரித்துப் பார்க்கின்றன. திருமணம் திட்டத்தில் இல்லை என்றால் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மைக்கும் நல்லது, சட்டத்துக்கும் நல்லது.

பணம், சொத்து

பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் விடுவது இதைத்தான். அன்பு இருக்கும்போது கணக்குப் பேச யாருக்கும் வாய் வராது.

உங்கள் துணை உயில் எழுதாமல் இறந்தால், உங்களுக்கு ஒரு ரூபாய் கூட வராது. 20 ஆண்டு வாழ்ந்திருந்தாலும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் பட்டியலில் நீங்கள் இல்லை. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் அவருடைய அம்மா இருப்பார், அண்ணன் தம்பி இருக்கலாம், நீங்கள் இருக்க மாட்டீர்கள். அதனால் உயில். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயம் இல்லை. ஆனாலும் குடும்பத்தார் எதிர்க்க வாய்ப்புள்ள இடத்தில் பதிவு செய்துவிடுவதே மேல். தான் சம்பாதித்ததையும் தன் பங்கையும்தான் எழுத முடியும். முஸ்லிம்கள் வாரிசுகளின் ஒப்புதல் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் தர முடியாது.

"நாமினி போட்டாச்சே, அப்புறம் என்ன?" என்பார்கள். வங்கியிலும் பங்குகளிலும் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைத்திருக்கிறவர்தான். சொந்தக்காரர் சட்டப்படியான வாரிசு. 2023 டிசம்பரில் பங்குகள் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் இதை மீண்டும் உறுதி செய்தது. ஆகவே நாமினியும் வேண்டும், உயிலும் வேண்டும்.

உயிரோடு இருக்கும்போது கொடுப்பதிலும் சிக்கல் இருக்கிறது. கணவன் மனைவிக்கு எவ்வளவு பணம் பரிசாகக் கொடுத்தாலும் வாங்குபவருக்கு வருமான வரி இல்லை. சேர்ந்து வாழும் துணை வருமான வரிச் சட்டத்தின் கண்ணில் உறவினர் அல்ல. ஓர் ஆண்டில் இப்படி வரும் பரிசுகள் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டும் அல்ல, முழுத் தொகைக்குமே வாங்கியவர் வரி கட்ட வேண்டும். வாடகை, மளிகைச் செலவில் உங்கள் பங்கை அனுப்புவது பரிசு இல்லை. அனுப்பும்போது எதற்கு என்று ஒரு குறிப்புப் போட்டு அனுப்புங்கள். உயில் மூலம் வருவதற்கு இந்த வரி கிடையாது. வீட்டையே எழுதிக் கொடுப்பதானால், குடும்ப உறுப்பினர்களுக்கான செட்டில்மெண்ட் பத்திரத்தில் இருக்கும் முத்திரைத்தீர்வைச் சலுகையும் உங்களுக்குக் கிடைக்காது.

எல்லாவற்றிலும் மோசமான பொறி, ஒருவர் பணத்தில் இன்னொருவர் பெயரில் சொத்து வாங்குவதைத் தடுக்கும் பினாமிச் சட்டம். ஒருவர் தன் பணத்தில் மனைவி பெயரில் மனை வாங்கினால் அது பினாமி ஆகாது. கணக்கில் காட்டிய வருமானமாக இருந்தால் போதும். அதே மனையைச் சேர்ந்து வாழும் துணையின் பெயரில் வாங்கினால் அந்த விலக்கு இல்லை. அன்பில் செய்தது பறிமுதல் வரை போகலாம். ஆகவே சொத்து வாங்கினால் யார் எவ்வளவு போட்டார்களோ அந்த விகிதத்தைப் பத்திரத்திலேயே எழுதி, இருவர் பெயரிலும், அவரவர் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் போகும்படி வாங்குங்கள். ஒருவர் பெயரில் பத்திரம், இன்னொருவர் இஎம்ஐ என்ற ஏற்பாடு மட்டும் வேண்டவே வேண்டாம். பிரியும்போது பத்திரத்தில் பெயர் இருப்பவர்தான் சொந்தக்காரர்.

தங்களுக்குள் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாமா என்றால், வாடகை, கடன், பொருட்கள், பிரியும்போது கணக்குத் தீர்ப்பது என்று பணத்தோடு நின்றுகொண்டால் எழுதலாம். அந்தரங்க உறவை நிபந்தனையாக்கும் வரி ஒன்று இருந்தாலும், பொது ஒழுக்கத்துக்கு எதிரானது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆவது பிரிவில் அடிபட்டுப் போகலாம்.

மருத்துவமனை

நினைவோடு இருக்கும் நோயாளியே தன் சிகிச்சைக்குக் கையெழுத்திடலாம், பிரச்சினை இல்லை. நினைவில்லாதபோதுதான் "நீங்க யாரு, சொந்தமா?" என்ற கேள்வி வரும். உயிர்காக்கும் கருவிகள் பற்றிய முன்கூட்டிய விருப்ப ஆவணத்தை இருவரும் எழுதி வைக்கலாம். 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி போதும். உங்களுக்காக முடிவெடுப்பவர்கள் யார் என்று அதில் பெயர் எழுதலாம். மருத்துவக் காப்பீட்டில் துணையைச் சேர்க்கப் பெரும்பாலும் விடுவதில்லை, தனித்தனியாக எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

கருக்கலைப்பில் திருமணம் ஒரு நிபந்தனை இல்லை. திருமணமாகாத பெண்ணுக்கும், சட்டம் சொல்லும் நிலைமைகளில், 24 வாரம் வரை உரிமை உண்டு என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மேஜரான பெண்ணின் சம்மதம் போதும். துணையின் கையெழுத்தோ பெற்றோரின் கையெழுத்தோ கேட்கத் தேவையில்லை.

குழந்தை

குழந்தைக்குத் தாய் தந்தை இருவரிடமும் பராமரிப்புச் செலவு கேட்க உரிமை உண்டு. பெற்றோர் மணந்தார்களா என்பது அதில் பொருட்டே இல்லை. இந்துச் சட்டப்படி திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கு முதல் காப்பாளர் தாய், அதன் பிறகே தந்தை. மணமாகாத தாய், தந்தையின் பெயரைச் சொல்லாமலே காப்பாளர் உரிமை கேட்கலாம், பிறப்புச் சான்றிதழும் வாங்கலாம் என்று 2015இல் தீர்ப்பு வந்தது.

சொத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. தாயின் சொத்தில் சிக்கல் இல்லை. தந்தை வழியில், நீண்ட காலம் கணவன் மனைவியாக ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்களைத் தம்பதியாகவே கருதலாம் என்ற அனுமானம் குழந்தைக்கு உதவும். தமிழ்நாட்டு வழக்குகளிலும், 2022இல் ஒரு கேரள வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் குழந்தைகளின் உரிமையைக் காத்தது. ஆனால் அது ஆண்டுக்கணக்கில் வழக்காடிப் பெறுவது. "நாங்கள் மணக்கவில்லை" என்று பெற்றோரே வெளிப்படையாகச் சொல்லி வாழ்ந்தால் அந்த அனுமானம் நிற்பதும் சந்தேகம். தந்தை ஓர் உயில் எழுதிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை. தத்தெடுப்பதற்கு, இரண்டு ஆண்டு நிலையான திருமண வாழ்வைக் காட்டும் தம்பதிக்குத்தான் இடம். சேர்ந்து வாழ்பவர்கள் ஜோடியாகத் தத்தெடுக்க முடியாது. வாடகைத்தாய் முறையும் அப்படித்தான்.

ஒரே பாலினத்தவர் சேர்ந்து வாழ்வதும் குற்றமில்லை. 2023இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குத் திருமண உரிமையை மறுத்தது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், திருமணம் மட்டுமே குடும்பத்துக்கு வழி இல்லை, அவர்களும் குடும்பமாக வாழலாம் என்றது. மேலே சொன்ன உயில், இருவர் பெயர் பத்திரம், மருத்துவ ஆவணம் எல்லாம் அவர்களுக்கு இன்னும் அவசியம்.

உத்தராகண்டில் குடியேறப் போகிறவர்கள் மட்டும் கவனிக்க: அங்கே 2025 ஜனவரி 27 முதல் லிவ்-இன் உறவைப் பதிவு செய்வது கட்டாயம். ஒரு மாதத்துக்குள் பதிவு செய்யாவிட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எதிர்த்து வழக்குகள் போடப்பட்டிருக்கின்றன. தமிழ்நாட்டில் இப்படி ஒன்று கிடையாது. "பதிவு பண்ணித் தர்றேன்" என்று யாராவது பணம் கேட்டால் நம்ப வேண்டாம்.

சடங்கும் செலவும் பிடிக்காததால்தான் திருமணம் வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வழி இங்கே வெகுகாலமாக இருக்கிறது. 1967ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தத்தின்படி இந்துக்கள் இருவர், உறவினர் அல்லது நண்பர் சிலர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் துணையாக ஏற்று, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் திருமணம் முடிந்தது. ஐயர் வேண்டாம், மண்டபம் வேண்டாம். ஊர் கூட்டி அறிவிக்கவும் தேவையில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 90 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். வேறு வேறு மதத்தவர் என்றால் சிறப்புத் திருமணச் சட்டம்தான்; அதில் 30 நாள் அறிவிப்புக் காலம் உண்டு.

சேர்ந்து வாழ்ந்தவர்களே பிறகு மணந்துகொண்டால், பழைய காகிதங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கிறிஸ்தவர் எழுதிய உயில் அவர் திருமணம் செய்துகொண்ட உடனே செல்லாமல் போய்விடும். புதிதாக எழுத வேண்டும். இந்துக்களின் உயிலுக்கு அது பொருந்தாது. குடும்பம் இல்லாதவர் என்ற நிலையில் பி.எஃப். கணக்கில் போட்ட நாமினியும் திருமணத்தோடு காலாவதியாகும். பெயர் அதே ஆள்தான் என்றாலும், இந்த முறை மனைவி அல்லது கணவர் என்று போட்டு மறுபடி தாக்கல் செய்ய வேண்டும்.